ஒரு வளைகுடா, இரு கரை: குருசடைக்குப் போன மாணவரும் உச்சமுனைக்கு வரும் மாணவரும்

இலங்கையின் கற்பிட்டி நகரத்திலிருந்து வடக்கே படகில் போனால் உச்சமுனை வரும். மேற்கே மன்னார் வளைகுடா, கிழக்கே புத்தளக் களப்பு, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். அதே வளைகுடாவின் வடமேற்கு மூலையில், தமிழ்நாட்டின் பாம்பனுக்கு அருகே, குருசடைத் தீவு இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கடல்வழியில் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம்தான். இரு கரையிலும் கடலடியில் ஒரே கடற்புல். அதை மேய வருவதும் ஒரே கடற்பசு.

இரண்டு இடங்களும் மாணவர்களை இழுத்தவை. குருசடைக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் மாணவர்கள். பல தலைமுறைகளாகத் தொடர்ந்த வழக்கம் அது. கற்பிட்டிப் பக்கம் வருகிறவர்கள் வேறு வகை. வெளிநாட்டுப் பாடசாலைகளுக்கும் நகரத்துச் சர்வதேசப் பாடசாலைகளுக்கும், வேறொரு பண்பாட்டிலும் இயற்கையிலும் பிள்ளைகளைத் தோய்த்தெடுக்கும் அனுபவம் என்று சொல்லிப் பயணங்கள் விற்கப்படுகின்றன. இந்த இருவகைப் பயணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருசடை மாணவரிடம் கேள்வி இருந்தது, பேசுவதற்கு ஆள் இல்லை. உச்சமுனைக்கு வருகிறவருக்குப் பேச ஓர் ஊரே இருக்கிறது; கேள்வியைத்தான் யாரும் கொடுத்தனுப்புவதில்லை.

குருசடையிலிருந்து தொடங்கலாம். 1927இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எஃப். எச். கிரேவ்லி அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி ஒரு தொகுதியை வெளியிட்டார். அதோடு அந்தச் சிறு தீவின் பெயர் உலகத்து உயிரியலாளர் மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஆய்வு நிலையம் அங்கே இயங்கியது. முத்துச்சிப்பி ஆராய்ச்சி நடந்தது. கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் நீரில் இறங்கினாலே போதும்: பவளம், கடற்பஞ்சு, கடற்சாமந்தி, நட்சத்திரமீன் என்று ஒரு பாடநூலே காலடியில் விரியும். மணலுக்குள் பலனோகுளோசஸ் இருக்கும். முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் உள்ள உறவைச் சொல்ல விலங்கியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் வரையும் அந்தப் புழுவை, அதன் சொந்த மணலிலேயே பார்க்கலாம் என்பதற்காகவே மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வகுப்பு வகுப்பாக ரயிலேறினார்கள்.

அந்தப் பயணத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த நாளில், எந்த மணிக்குக் கடல் வற்றும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்தார்கள். பேராசிரியர் முன்னே நடப்பார். அவர் குனிந்து எடுப்பதற்கு ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கும். எடுத்ததைப் புட்டியில் இட்டு, இடம், நாள், ஆழம் எழுதி ஒட்ட வேண்டும். பாசிகளைத் தாளில் பரப்பிக் காய வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் குறிப்பேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. இந்தக் கண்டிப்பை இன்று பலர் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் பெரும் மரியாதை. ஓர் இடத்துக்குப் போகும் முன்பே அந்த இடத்தைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கடமையை அது மாணவர் மேல் வைத்தது.

ஆண்டுக்கு இத்தனை வகுப்புகள் வந்து அள்ளிப் போனால் ஒரு சிறு தீவு தாங்காது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்த தொழிலோ அதைவிடப் பல மடங்கு பெரிய அழிவு. 1986இல் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும், ஏறத்தாழ 560 சதுர கிலோமீற்றர் பரப்பு, கடல்சார் தேசியப் பூங்காவாயின. அள்ளுவது நின்றது. நல்ல காரியம்.

ஆனால் அந்தக் குறிப்பேடுகளில் மனிதர்கள் இல்லை. மாணவர்கள் நூல் பிடித்தாற்போல் பாசிகளின் பெயர்களை எழுதினார்கள். குருசடைக்கு எதிர்க் கரையிலேயே சின்னப்பாலம். அந்த ஊர்ப் பெண்கள் மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்துப் பிழைத்தவர்கள். எந்தப் பாறையில் எந்தப் பாசி, எந்த மாதத்தில் வளரும், எப்போது தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பேராசிரியருக்கும் தெரிந்திருக்காது. தேசியப் பூங்கா வந்தபோது, காலங்காலமாகப் போய்வந்த தீவுகளில் அவர்கள் அத்துமீறி நுழைபவர்களாக ஆனார்கள். தமக்குள் கட்டுப்பாடுகள் விதித்துக்கொண்டு அந்தத் தொழிலைக் காத்த பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சூழல் பாதுகாப்புக்காக இயங்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. தாவரவியல் மாணவர்கள் போய் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்க வேண்டிய வீடு அது.

இன்னொன்றும் விடுபட்டது. அந்த மாணவர்கள் போய் நின்ற மண்டபம் முகாமில் 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த இடம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்து வைத்து, நோய் சோதித்து அனுப்பிய முகாம். எத்தனையோ மலையகக் குடும்பங்களின் கதை அந்த மணலில் ஒரு கணம் நின்றுதான் கடல் தாண்டியது. மீன்களின் பெயர்ப் பட்டியலோடு இதையும் ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால் எதிர்க் கரை அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் வரைபடக் கோடாக இருந்திராது.

இனி எதிர்க் கரை.

உச்சமுனையிலும் அதற்கு வடக்கேயுள்ள பள்ளியாவத்தை, பத்தலங்குண்டு தீவுகளிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். குருசடைக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. இங்கே கடலும் களப்பும் காட்சிப் பொருள்கள் அல்ல, பிழைப்பு. வாடி போட்டுத் தங்கி, பருவத்தோடு பெயர்ந்து தொழில் செய்கிறவர்கள் உண்டு. கரையில் கருவாடு காயும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து தொழிலுக்கு வருகிறவர்களும் கற்பிட்டியாரும் கலக்கும் கரை இது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும், தமிழும் சிங்களமும் இந்தக் கரையோரம் முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன.

சர்வதேசப் பாடசாலைப் பயணத்தின் வழக்கமான அட்டவணை இங்கே என்ன செய்கிறது? அதிகாலையில் டொல்பின் பார்க்கப் படகு. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை இந்தக் கடலில் சுழல் டொல்பின்கள் கூட்டம் கூட்டமாகத் துள்ளுவது உண்மையில் கண்கொள்ளாக் காட்சி. பிறகு கண்டல் காட்டுக்குள் துடுப்புப் படகு. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையை வெளியிலிருந்து ஒரு பார்வை. உள்ளே கடற்படை இருக்கிறது. மாலையில் மணல்மேட்டில் கூடாரம், நெருப்பு, நட்சத்திரம். அடுத்த நாள் வில்பத்து. பிள்ளைகள் மகிழ்ச்சியாகத் திரும்புகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல படகுகள் ஒரே கூட்டத்தைத் துரத்தும்போது அந்த டொல்பின்களுக்கு என்ன ஆகிறது என்று அந்தப் படகில் யார் கேட்கிறார்கள்? எந்திரத்தை அணைத்துவிட்டுத் தூரத்தில் நில்லுங்கள் என்று படகோட்டியிடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர் கூட வந்தால், அந்தக் காலை ஒரு பாடமாகிவிடும்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும். கற்பிட்டியில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்க உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் வருவது அதற்காகத்தான். அதே சோளகத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுக்காரர்கள் களப்புக்குள் ஒதுங்குகிறார்கள். பலர் கிழக்குக் கரைக்குப் போய்த் தொழில் பார்க்கிறார்கள். ஒருவருடைய உச்சப் பருவம் மற்றவருடைய ஒடுக்கப் பருவம். மாணவர் ஒருவர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஊரில் நடந்தால், புவியியலும் பொருளியலும் வாழ்க்கையும் ஒன்றாகக் கிடைக்கும்.

இதைப் போல இன்னும் எத்தனையோ. கற்பிட்டிக்கு மேற்கே உள்ள பார் பவளப்பாறைத் திட்டு 1992இல் சரணாலயமானது. 1998இல் கடல் சூடேறியபோது அதன் ஆழமற்ற பகுதிகளில் பவளம் வெளிறி மடிந்தது. தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். அதன் புகைபோக்கியும் அந்தப் பவளத்தின் வெண்மையும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். 1990இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் தொகையினர் வந்து சேர்ந்த மாவட்டம் இது. கோட்டையைப் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள் குடியேறிய ஊர்கள் வழியாகத்தான் போகிறார்கள். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர். உச்சமுனை உள்ளிட்ட 14 தீவுகளையும் சுமார் 4,000 ஏக்கர் நிலத்தையும் உள்ளடக்கி வகுக்கப்பட்ட கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டம், மீனவக் குடும்பங்களுக்குக் காணி பற்றிய நீண்ட அச்சத்தைக் கொண்டுவந்தது. மணல்மேட்டில் கூடாரம் அடிக்கும் மாணவர், இந்த மணல் யாருடையது என்று கேட்காமல் தூங்கிவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதல்ல.

இரு கரையையும் ஒன்றாகப் பார்த்தால் மட்டுமே தெரியும் பாடமும் உண்டு. கடலட்டை அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2001 முதல் இந்தியச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. இராமநாதபுரத்துக் கரையில் அதைப் பிடித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். கற்பிட்டியில் அனுமதிப்பத்திரம் பெற்றவர் முங்கி எடுக்கிறார், பதப்படுத்துகிறார்கள், ஏற்றுமதியாகிறது. வளைகுடாவின் நடுவே கிழிக்கப்பட்ட கோட்டைக் கடலட்டை அறியாது. ஆனால் ஒரு கரையில் அது ஒரு குடும்பத்துக்குச் சோறு, மறு கரையில் வழக்கு. எந்தச் சட்டம் அந்த உயிரைக் காக்கிறது, எந்தச் சட்டம் மனிதரைக் காக்கிறது என்று பதினாறு வயதுப் பிள்ளைகள் இரு கரையிலும் கேட்டு, எண்களைச் சேகரித்து, வாதாடட்டும். இழுவை மடியும் அப்படியே: இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடை செய்தது, தமிழ்நாட்டு விசைப்படகுகள் இன்னும் அதை நம்பியிருக்கின்றன. இரண்டு பக்கத்து மீனவர் வீட்டிலும் ஒரே வாரத்தில் சாப்பிட்ட மாணவர், செய்தித்தாள் தலைப்பை நம்பி யாரையும் வெறுக்க மாட்டார்.

பாடசாலைப் பயணம் என்ற எண்ணத்தின் வேர்களைப் பார்த்தாலும் வேடிக்கை பார்ப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை. ஜப்பானில் 1886இல் தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை மாணவர்கள் சிபா கரையோரத்துக்குப் பல நாள் நடந்தே போனார்கள். அந்த நாட்டின் பாடசாலைப் பயண வழக்கம் அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். 1941இல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் கூர்ட் ஹான் தொடங்க உதவிய அவுட்வார்ட் பவுண்ட் பாடசாலை, கடலோடும் இளைஞர்களுக்கு உடல் வலிமையோடு மன வலிமையும் வேண்டும் என்பதற்காக உருவானது. உழைப்பும் ஒழுங்கும் அவற்றின் உயிர். பிற்காலத்தில் அவை வெளிநாட்டுப் பயணங்களாக விரிந்தபோது, உழைப்பின் இடத்தில் பாடசாலைச் சுவருக்கு இரண்டு நாள் வர்ணம் பூசுவது வந்து உட்கார்ந்துகொண்டது. உச்சமுனைக்கு வர்ணம் பூச ஆள் தேவையில்லை. அங்கே வர்ணம் பூசத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

ஒன்றைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் நாட்டில் ஒரு பிள்ளையைப் படமெடுக்கப் பெற்றோரின் எழுத்து அனுமதி கேட்கிற பாடசாலைகள், மீனவக் குடியிருப்பில் கண்ட பிள்ளைகளையெல்லாம் படமெடுக்க மாணவரை விட்டுவிடுவது அநியாயம். உச்சமுனைப் பிள்ளையும் ஒரு தாயின் பிள்ளைதான். அந்தத் தாயிடம் கேட்க வேண்டும். கேட்கத் தமிழிலோ சிங்களத்திலோ நான்கு வார்த்தை கற்றுக்கொண்டு வர வேண்டும்.

இரு கரையிலும் சரியான வழியைக் காட்டும் இடங்கள் ஏற்கெனவே இருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. இராமநாதபுரத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில், அலையாத்திக் காட்டுக்குள் படகு கொண்டுபோவதும் மீன் சமைத்துப் பரிமாறுவதும் அந்த ஊர் மீனவக் குடும்பங்களே. குருசடை மாணவர்களுக்குக் கிடைக்காத ஆட்கள் அங்கே கிடைக்கிறார்கள். புத்தள மாவட்டத்திலோ, சிலாபத்துக்கு அருகே பம்பலயில் சுதீச அமைப்பு இருக்கிறது. இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்ட மாவட்டம் இது. 2015இல் சீகாலஜியும் சுதீசவும் சேர்ந்து, நாட்டின் கண்டல் காடுகள் முழுவதையும் காக்கும் பணியைத் தொடங்கின: களப்போரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும், பதிலுக்கு அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலுக்குக் காவல். 2016 ஜூலையில் பம்பலயில் ஒரு கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. லட்சுமி மூர்த்தி விருது பெற்ற அதே ஆண்டில், அதே அமைப்பு, எதிர்க் கரைப் பெண்களோடும் கைகோத்தது என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பயணம் வகுக்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி தேவையில்லை. வேரைப் பற்றிப் பாடம் நடத்த அந்தப் பெண்கள் போதும்.

இந்த வளைகுடாவின் இரு கரையையும் ஒரே பயணத்தில் பார்த்த பெரும் பயணி ஒருவர் உண்டு. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய பத்தாலா என்ற ஊர் புத்தளம் என்றே பெரும்பாலான அறிஞர் கொள்கிறார்கள். அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். பாரசீக மொழியில் பேச்சு நடந்தது. பாவாதமலைக்கு (சிவனொளிபாதமலைக்கு) போக விரும்புகிறேன் என்றார் விருந்தினர். அரசர் பல்லக்கும் சுமைகாரரும் கொடுத்தார். கூடவே, அந்த வழியை அறிந்த யோகிகளையும் அந்தணர்களையும் துணைக்கு அனுப்பினார். திரும்பும்போது கடல் தாண்டித் தமிழகக் கரையில் கப்பல் உடைந்து, மதுரைச் சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார் அவர். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகியும் அவர் சொல்லி எழுதவைத்ததை நாம் படிக்கிறோமே, ஏன்? அவருக்குக் கேள்வி இருந்தது. வழி அறிந்தவர்கள் பக்கத்தில் நடந்தார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தன.

ஆகவே ஒப்பிட்டு நான் கண்டது இது. குருசடைப் பயணத்தின் ஒழுங்கு உச்சமுனைக்கு வர வேண்டும்: புறப்படும் முன் படிப்பு, கையில் குறிப்பேடு, ஒரு குழுவுக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்காக ஊரில் பொறுமையாகத் தங்குதல். உச்சமுனையின் மனிதர் நிறைவு குருசடைப் பயணத்துக்குப் போக வேண்டும்: தீவைப் படகிலிருந்து பார்த்துவிட்டு, சின்னப்பாலத்துப் பெண்களிடமும் பாம்பன் மீனவர்களே நடத்தும் கடல் ஓசை வானொலியிலும் அரை நாள். இரண்டில் எது மேல் என்று வற்புறுத்திக் கேட்டால், உச்சமுனைதான் என்பேன். ஒழுங்கை ஓர் ஆசிரியர் நினைத்தால் ஒரு மாதத்தில் உண்டாக்கிவிடலாம். தீவிலிருந்து ஒதுக்கப்பட்ட மக்களைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இரு கரைக் கல்வித் துறையினருக்கும். தமிழ்நாடு அரசு 2022இல் அரசுப் பள்ளி மாணவர்களைச் சார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனது. அதன் பிறகு வேறு நாடுகளுக்கும் அழைத்துப் போகிறது. அருமையான முயற்சி. அந்தப் பட்டியலில் கற்பிட்டியையும் சேருங்கள். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் தொடங்கிய கப்பல் இருக்கிறது. விமானச் செலவு கூட வேண்டியதில்லை. புத்தளத்து அதிபர்களும் வலயக் கல்வி அலுவலகமும் பதிலுக்கு இங்குள்ள பிள்ளைகளை மண்டபத்துக்கும் காரங்காட்டுக்கும் அனுப்ப வழி தேடுங்கள். உச்சமுனைப் பிள்ளை எப்போதும் பார்க்கப்படுகிற பிள்ளையாகவே இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு கடவுச்சீட்டும், ஒரு குறிப்பேடும், எதிர்க் கரையில் தங்க ஒரு வீடும் வேண்டும். வெளிநாட்டுப் பாடசாலைகளுக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கம்: வாருங்கள், ஆனால் வரும் முன் உங்கள் பயண நிறுவனத்திடம், நாங்கள் கொடுக்கும் பணத்தில் உச்சமுனைக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத நிறுவனத்தோடு வராதீர்கள்.